கதவு திறக்காவிட்டால் யார் கவனிப்பார்?

கேள்வி இதுதான்: “ஆறு வருடமாக ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. ஆனால் போனில் நானூறு பேருடைய எண் இருக்கிறது. நகரம்தான் உறவுகளை இப்படி ஆக்கிவிட்டதா, போன் காரணமா? எனக்கு யாரிடமும் ஒட்டிப் பழகும் சுபாவமும் கிடையாது. நான் என்னதான் செய்வது?”

உங்கள் கேள்விக்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. நமக்கு நெருக்கமானவர்கள் இருக்கிறார்களா என்பது ஒன்று. நமக்கு அருகில் இருப்பவர்களை நமக்குத் தெரியுமா என்பது இன்னொன்று. சின்ன ஊரில் இரண்டும் அநேகமாக ஒரே ஆட்கள். மனசுவிட்டுப் பேசுகிறவரும் அவர்தான், நடுராத்திரியில் கதவைத் தட்டினால் எழுந்து வருகிறவரும் அவர்தான். நகரம் இந்த இருவரையும் பிரித்துவிடுகிறது. மனசுக்கு நெருக்கமானவர் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறார். சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவரோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மனித உறவுகளை ஆராயும் துறையில் பல வருடம் படித்தும், அதைவிட அதிக வருடம் அடுக்குமாடிகளில் வாழ்ந்தும் நான் வந்து சேர்ந்த முடிவு: முதல் வகை உறவு பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கிறது. நாம் தொலைத்தது இரண்டாவதை. அது உறவே இல்லை என்று நினைத்துக்கொண்டு தொலைத்துவிட்டோம்.

நகரம் மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கிறது என்ற கவலை நம் காலத்தில் பிறந்ததல்ல. பெர்லினில் வாழ்ந்த சமூகவியலாளர் ஜியார்க் சிம்மெல் 1903-லேயே இதை எழுதிவிட்டார். பெருநகரத்தில் ஒரு நாளில் கண்ணில் படும் முகங்களுக்கெல்லாம் மனம் ஈடுகொடுக்கத் தொடங்கினால் ஆள் தாங்கமாட்டான். அதனால் நகரவாசி ஒரு விலகலைக் கவசம்போலப் போட்டுக்கொள்கிறான் என்றார். சிகாகோவில் லூயிஸ் விர்த் 1938-இல் இன்னும் கறாராகச் சொன்னார்: ஜனத்தொகை, நெருக்கம், பலதரப்பட்ட மனிதர்கள் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் உறவு மேலோட்டமாகிவிடும். பல தலைமுறை மாணவர்கள் இதைப் பாடமாகவே படித்தார்கள். சிம்மெல் சொன்னதில் பாதியைத்தான் பலரும் எடுத்துக்கொண்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த விலகல்தான் நகரவாசிக்குச் சுதந்திரத்தையும் கொடுக்கிறது என்று அவர் அதே கட்டுரையில் சொல்லியிருக்கிறார். யாருடைய மகன், யாருடைய மனைவி, எந்தத் தெரு என்ற விசாரணை இல்லாமல் ஒரு மனிதர் தன் இஷ்டத்துக்கு வாழ முடிகிற இடமும் நகரம்தான். அப்படித் தப்பித்து வந்தவர்களுக்கு எதிர்வீட்டுக்காரரின் மௌனம் எவ்வளவு பெரிய நிம்மதி என்பது தெரியும்.

உறவுகள் அழிந்துவிட்டனவா என்பதை அனுமானமாகப் பேசாமல் எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. 1968-இல் கனடாவில், டொராண்டோவின் ஈஸ்ட் யார்க் பகுதியில் 845 பேரிடம், வீட்டுக்கு வெளியே உங்களுக்கு மிக நெருக்கமானவர்கள் யார் யார் என்று கேட்டார்கள். அந்தத் தரவை வைத்து பாரி வெல்மேன் 1979-இல் எழுதிய கட்டுரையில் இருக்கும் கணக்கு: 98 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒருவராவது இருந்தார். ஆனால் அந்த நெருக்கமானவர்களில் அதே பகுதியில் குடியிருந்தவர்கள் 13 சதவீதம்தான். ஏறக்குறைய கால்வாசிப் பேர் மாநகரத்துக்கே வெளியில் இருந்தார்கள். கேட்ட வருடத்தைக் கவனியுங்கள். 1968. கைப்பேசியும் இல்லை, இணையமும் இல்லை. உறவு வட்டாரத்தை விட்டு வெளியேறியது அப்போதே நடந்து முடிந்த கதை. சாலையும் ரயிலும் கம்பித் தொலைபேசியும் அந்த வேலையைச் செய்துவிட்டன. உங்கள் போன்மீது நீங்கள் போடும் பழியில் பாதி அதன் பிறப்புக்கு முந்தையது.

கிளாட் ஃபிஷர் 1977-இல் வடக்கு கலிபோர்னியாவில், சின்ன ஊர் முதல் சான் பிரான்சிஸ்கோ வரை 50 இடங்களில் 1,050 பேரிடம் விசாரித்தார். நகரத்துக்காரர்களின் வட்டத்தில் சொந்தபந்தமும் அக்கம்பக்கமும் குறைவு, தாங்களாகத் தேடிப் பிடித்த நண்பர்கள் அதிகம். மனநிலையில் அவர்கள் ஒன்றும் மோசமாக இல்லை. இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் ஆர்வமோ நோயோ உங்களுக்கு இருக்கிறது என்று வையுங்கள். இரண்டாயிரம் பேர் ஊரில் உங்களைத் தவிர இன்னும் ஒருவர் கிடைப்பார். அவரோடு உங்களுக்கு ஒத்துப்போகாவிட்டால் கதை முடிந்தது. இருபது லட்சம் பேர் நகரத்தில் அப்படி இரண்டாயிரம் பேர். தன்னைப்போல ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாமல் சிற்றூரில் ஒடுங்கிக்கிடந்த எத்தனையோ பேரை நகரம்தான் காப்பாற்றியிருக்கிறது. இதைச் சொல்லாமல் நகரத்தைக் குறைசொல்வது நியாயமில்லை.

ஆகவே உங்கள் நானூறு எண்களைப் பற்றி நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அதில் ஐந்தாறு பேராவது உங்களுக்கு உயிர். நாம் பேச வேண்டியது அந்த எதிர்க்கதவைப் பற்றி.

சமூக வலைப்பின்னல் என்ற சொல்லை ஆராய்ச்சிக் கருவியாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் பார்ன்ஸ் என்ற மானுடவியலாளர். 1954-இல், நார்வேயில் பிரெம்னெஸ் என்ற மீன்பிடிப் பகுதியைப் பற்றி எழுதும்போது. மனிதர்கள் முடிச்சுகள், உறவுகள் கயிறுகள் என்று கொள்ளுங்கள். வலையில் தடித்த கயிறு, மெல்லிய நூல் இரண்டும் இருக்கும். நூல் என்றால் இளக்காரம்தான் நமக்கு. மார்க் கிரானோவெட்டர் 1973-இல் அந்த இளக்காரத்தை உடைத்தார். பாஸ்டனை ஒட்டிய நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலைக்குப் போனவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6. மிக அரிதாக என்றவர்கள் 27.8. காரணம் விளங்கக்கூடியதே. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்ததுதான். புதுச் செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வரவேண்டும். அதைக் கொண்டுவருகிறவர் அந்த மெல்லிய நூலின் மறுமுனையில் இருக்கிறார்.

கிரானோவெட்டர் பேசியது வேலை பற்றி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவசர ஆத்திரம்.

1995 ஜூலையில் சிகாகோவில் கடும் வெயில் அலை. அந்த ஒரு வாரத்தில் வழக்கமான கணக்குக்கு மேல் 739 பேர் இறந்தார்கள். பலர் முதியவர்கள், பூட்டிய கதவுக்குள் தனியாக. எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியலாளர் அக்கம்பக்கமான இரண்டு பகுதிகளை எடுத்துப் பார்த்தார்: நார்த் லான்டேல், சவுத் லான்டேல். ஒரே வெயில். தனியாக வாழும் முதியவர்களும் ஏழை முதியவர்களும் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே விகிதம். ஆனால் முதல் பகுதியின் இறப்பு விகிதம் இரண்டாவதைப்போலப் பத்து மடங்கு. முதல் பகுதியில் ஆலைகள் மூடி, கடைகள் போய், வீடுகள் காலியாகி, பாழ்மனைகளாகக் கிடந்தன. முதியவர் வெளியே வர ஒரு காரணமும் இல்லை, பயம்தான் இருந்தது. இரண்டாவதில் தெருவில் எப்போதும் ஆள் அரவம். கடைகள் திறந்திருந்தன. முதியவர்கள் தினமும் இறங்கி நடந்தார்கள், அவர்கள் வராத நாள் யார் கண்ணிலாவது பட்டது. சவுத் லான்டேலில் எல்லோரும் எல்லோருக்கும் நண்பர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. முகம் தெரியும், அவ்வளவுதான். அந்த அவ்வளவே சிலருக்கு உயிர்.

இதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நான் முன்பு குடியிருந்த கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஓர் அம்மா தனியாக இருந்தார். காலை ஏழு மணிக்குள் பால்கனிக் கம்பியில் ஒரு நீலத் துண்டைக் காயப்போடுவார். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார். ஒருநாள் இரவு மழை வலுத்துப் பெய்தது, துண்டு கம்பியிலேயே நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. எதிர் பிளாக்கில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் அதைப் பார்த்தாள். அந்த அம்மாவோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் பாலூட்டும்போது ஜன்னல் வழியாக ஏழெட்டு மாதமாக அந்தத் துண்டைப் பார்த்திருக்கிறாள். குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, குடை எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் படிக்கட்டில் எதிர்ப்பட்ட என்னிடம் கேட்டாள்: “அந்த நீலத் துண்டு அம்மா வீடு எது?”

போய் மணி அடித்தோம். உள்ளேயிருந்து ஏதோ தட்டுகிற சத்தம் லேசாகக் கேட்டது. அவருடைய மகனின் எண் கட்டடத்தில் ஒருவரிடமும் இல்லை. இத்தனைக்கும் எங்கள் கட்டடக் குழுவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், அன்று காலையிலிருந்து வண்டி நிறுத்துவது பற்றி மட்டும் அறுபது செய்திகள் போயிருந்தன. கதவை உடைத்துத் திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. குளியலறை வாசலில் இடுப்பெலும்பு முறிந்து, மத்தியானத்திலிருந்து அப்படியே கிடந்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருக்கு ஒரு நூல் இருந்தது. கவனிக்க ஒரு ஜோடிக் கண் இருந்தது. பெயரும் எண்ணும் இல்லாததால் அந்த நூல் முக்கால் மணி நேரம் குட்டையாகிப்போனது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட எனக்கோ அந்தக் கண்ணும் இல்லை. நான் அந்தப் படிக்கட்டில் நாலு வருடம் ஏறி இறங்கியவன்.

இப்படி முகம் மட்டும் தெரிந்து, பேசாமலே இருப்பவர்களுக்கு உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972-இல் ஒரு பெயரே வைத்தார். தமிழில் ‘பழகிய அந்நியர்’ எனலாம். ரயில் நிலையத்தில் காத்திருப்பவர்களைப் படம்பிடித்து, பிறகு அவர்களிடமே காட்டி, இதில் யாரைத் தெரியும் என்று கேட்டார்கள். பேசியதே இல்லை ஆனால் முகம் தெரியும் என்று சராசரியாக நாலு பேரைக் காட்டினார்கள். வருடக்கணக்கில் பார்த்தும் பேசாமல் இருப்பவரிடம் இன்று திடீரென்று பேசுவது, முன்பின் தெரியாதவரிடம் பேசுவதைவிடக் கஷ்டம். ஆனால் அதே ஆளைத் தூரதேசத்தில் பார்த்தாலோ, ஒரு விபத்து நடந்தாலோ பேச்சு தானாக வந்துவிடும். நீங்களும் உங்கள் எதிர்வீட்டுக்காரரும் ஆறு வருடமாக அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள். உங்களுக்குள் வெறுமை இல்லை. பாதி வேலை முடிந்திருக்கிறது.

இந்த முகப்பழக்கம் எப்படி உருவாகிறது என்று கேட்டால், மனிதரின் குணத்தைவிடக் கட்டடத்தின் அமைப்பு அதிகம் தீர்மானிக்கிறது என்பேன். லியோன் ஃபெஸ்டிங்கரும் கூட்டாளிகளும் 1950-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தின் மணமான மாணவர் குடியிருப்பு. கட்டடம் ஒவ்வொன்றும் இரண்டு தளம், தளத்துக்கு ஐந்து வீடு. யாருக்கு எந்த வீடு என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, காலியாக இருந்ததில் குடிவந்தார்கள். பிறகு, யாரோடு நெருக்கம் என்று கேட்டால், அடுத்த வீட்டாரைச் சொன்னவர்கள் 41 சதவீதம், ஒரு வீடு தள்ளி 22, வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனை என்றால் 10. நடுவில் இருந்த தூரம் நூறு அடிகூட இல்லை! இன்னும் நுணுக்கமாக ஒன்று: கீழ்த்தளத்தில் மாடிப்படியை ஒட்டியிருந்த வீட்டாருக்கு மேல்தளத்தில் நண்பர்கள் அதிகம். அவர்கள் கலகலப்பானவர்கள் என்பதால் அல்ல. மேலே போகிறவர்கள் எல்லாம் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

லிஃப்ட் இந்தத் தாண்டிப்போதலை எடுத்துவிட்டது. வண்டி நிறுத்தும் தளத்திலிருந்து நேரே வீட்டு வாசல். இடையில் யாரும் இல்லை. வாகனங்களும் தம் பங்குக்குச் செய்கின்றன. டொனால்ட் ஆப்பிள்யார்ட் 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரேமாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளுக்கு 2,000 வண்டி போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள், 6.3 தெரிந்தவர்கள். 16,000 வண்டி போகும் தெருவில் 0.9 நண்பர், 3.1 தெரிந்தவர். ‘ஜனங்கள் மாறிவிட்டார்கள்’ என்று யாராவது பெருமூச்சு விடும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஜனங்கள் மாறவில்லை. அவர்கள் எதிர்ப்படும் இடங்களை எடுத்துவிட்டு, ஏன் பேசுவதில்லை என்று கேட்கிறோம்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். தூரத்து உறவை வளர்க்கும் அதே கருவி அருகிலிருப்பவரையும் சேர்க்குமா? சேர்த்திருக்கிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் டொராண்டோவுக்கு வெளியே புதிதாக எழுந்த 109 வீடுகள் கொண்ட குடியிருப்பில் அதிவேக இணையமும் குடியிருப்போருக்கான மின்னஞ்சல் குழுவும் வந்தன. 64 வீடுகளுக்கு இணைப்பு கிடைத்தது, மீதிக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் அங்கேயே தங்கிக் கவனித்த கீத் ஹாம்ப்டன் சொல்வது: இணைப்புப் பெற்றவர்கள் பெயர் சொல்லி அடையாளம் காட்டிய அக்கம்பக்கத்தார் சராசரி 25 பேர், பெறாதவர்களுக்கு 8. கட்டிக்கொடுத்த நிறுவனத்தோடு தகராறு வந்தபோது வேகமாக ஒன்றுதிரண்டதும் அந்தக் குழு வழியாகத்தான். ஆக, கருவியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எந்த வட்டத்துக்கு அதைத் திருப்பி வைத்திருக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். வண்டி நிறுத்தச் சண்டைக்கு மட்டுமே திருப்பிவைத்தால் அது சண்டையைத்தான் வளர்க்கும்.

கடைசியாக உங்கள் சுபாவம். ஒட்டிப் பழகாதவன் என்று ஒரு குறைபோலச் சொல்லியிருக்கிறீர்கள். நான் பேசும் உறவுக்கு அது தடையே இல்லை, சொல்லப்போனால் தகுதி. நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ், நியூயார்க்கில் தான் வாழ்ந்த தெருவைப் பற்றி 1961-இல் எழுதும்போது ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். ஊரிலில்லாத நேரத்தில் விருந்தாளி வருவதாக இருந்தால் வீட்டுச் சாவியைத் தெருக்கோடிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவரும் வாங்கி வைத்திருந்து கொடுப்பார். வருகிறவர் யார், எதற்கு வருகிறார் என்று கேட்கமாட்டார். சாவியை நம்பிக் கொடுக்கலாம், வீட்டு ரகசியம் பேசவேண்டியதில்லை. இந்த இடைவெளி போனால் அக்கம்பக்கம் வேவு பார்க்கும் கூட்டமாகிவிடும் என்று அவர் பயந்தார். அந்தப் பயம் சரியானது. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று குறித்துவைக்கும் அக்கறையை நான் அக்கறை என்று எடுத்துக்கொள்ளமாட்டேன். பட்டும் படாமலும் பழகுவது என்று நம் மொழியில் சற்றுக் குறையாகச் சொல்வோம். நகரத்துக்கு அதுதான் சரியான அளவு. ராபர்ட் சாம்ப்சன் குழுவினர் சிகாகோவின் 343 வட்டாரங்களில் 8,782 பேரிடம் விசாரித்து 1997-இல் எழுதியதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஒருவரையொருவர் நம்புகிற, தப்பு நடந்தால் யாராவது தலையிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு இருக்கிற வட்டாரத்தில், வறுமையைக் கணக்கில் எடுத்த பிறகும் வன்முறை குறைவு.

என்ன செய்யலாம் என்றால், பெரிதாக எதுவும் வேண்டாம். எதிர்வீட்டுக் கதவை ஒரு தடவை தட்டி, “ஆறு வருடமாகப் பார்க்கிறோம், பெயர் கேட்கவே இல்லை” என்று உள்ளதை அப்படியே சொல்லுங்கள். பெரும்பாலும் அவருக்கும் அதே கூச்சம் இருந்திருக்கும். உதவி செய்யப் போவதைவிட உதவி கேட்டுப் போவது நல்லது. ஏணி வேண்டும், இரண்டு நாள் ஊரில் இருக்கமாட்டேன், பார்சல் வந்தால் வாங்கி வையுங்கள், இப்படி ஏதாவது. கேட்கப்பட்டவருக்கு உங்களிடம் பதிலுக்குக் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது, அதில்தான் நூல் விழுகிறது. முடிந்த நாளில் ஒரே நேரத்துக்குப் படியிறங்குங்கள், ஒரே முகங்கள் எதிர்ப்படட்டும். உங்கள் தளத்தில் தனியாக இருக்கும் முதியவர் யார், அவருக்கு ஆபத்து என்றால் யாரைக் கூப்பிட வேண்டும், இந்த இரண்டும் உங்கள் போனில் இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியவர் எண் இன்னொருவர் போனில் இருக்கட்டும். வாரக்கடைசியில் சேர்ந்து சாப்பிட வேண்டியதில்லை, பண்டிகைக்கு வீட்டுக்குப் போகவேண்டியதில்லை.

நீலத் துண்டு அம்மாவும் எதிர் பிளாக் பெண்ணும் அதற்குப் பிறகும் சிநேகிதிகள் ஆகவில்லை. நான் அந்தக் கட்டடத்தை விட்டு வரும்வரை, காலையில் துண்டைக் காயப்போட்டுவிட்டு அம்மா எதிர் ஜன்னலைப் பார்த்து ஒரு கையை உயர்த்துவார். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் குழந்தையின் கையைப் பிடித்து அவள் ஆட்டிக்காட்டுவாள்.